ஸ்கேலுக்கு அடியில் இருந்த வரி

ஆராவமுதன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நோயாளிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் காய்ச்சல் வரும். மைசூர் சர்க்காரின் தணிக்கை ஆபீஸில் அவர் ஆடிட்டர், நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. சர்க்கார் மானியம் வாங்கும் ஆஸ்பத்திரிகளின் ரிஜிஸ்டர்களைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. எந்த நோயாளி எத்தனை நாள் படுக்கையில் கிடந்தார், என்ன மருந்து கொடுத்தார்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், எழுதினதெல்லாம் நடந்ததுதானா என்று பார்க்க வேண்டும். பதினோரு வருஷம் அவரோடு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். ஒரு மனுஷனையாவது அவர் பார்த்த மாத்திரத்தில் நம்பினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னையே அவர் நம்ப நாலு வருஷம் ஆயிற்று.

ஒரு தாலுக்கா டிஸ்பென்சரியில் ஒரே வருஷத்தில் முப்பத்தொரு தெர்மாமீட்டர் உடைந்ததாக எழுதியிருந்தார்கள். அவர் காய்ச்சல் நோயாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேருக்கு ஒன்று வீதம் கடித்துத் தின்றிருக்கிறார்கள் என்று குறிப்பு எழுதி அனுப்பினார். இன்னொரு டாக்டர் மழைக்காலத்தில் ஏழு தடவை வண்டி கட்டிப் போய் ஒரு கிராமத்தில் நோயாளிகளைப் பார்த்ததாகப் பயணப்படி வாங்கியிருந்தார். இவர் அந்த ஊர் மழைக் கணக்கை வரவழைத்து, ஏழில் ஐந்து நாள் ஏரி உடைந்து ரோடே கிடையாது என்று காட்டினார். அந்த டாக்டர் அப்புறம் எங்கே போனார் என்று தெரியவில்லை.

ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தால் முதலில் படிக்க மாட்டார். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து மையைப் பார்ப்பார். தினமும் எழுதின பக்கத்தில் மை ஒருநாள் கறுத்திருக்கும், ஒருநாள் வெளுத்திருக்கும். ஆடிட்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஒரே மூச்சில் எழுதின பக்கம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் மேஜைக்கு வந்து, மர ஸ்கேலை எடுத்து, படிக்க வேண்டிய வரிக்கு மேல் வரியை மறைத்து வைத்து, ஒவ்வொரு கட்டமாக வருவார். ஸ்கேல் இறங்க இறங்க எதிரே நிற்கிற ஆளின் முகமும் இறங்கும்.

இது அவருக்குப் பிறவிக் குணம் என்று ஆபீஸில் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1924 ஏப்ரலில் அவர் ஷிமோகாவில் தணிக்கைக்குப் போயிருந்தபோது, மல்லேஸ்வரத்தில் அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்கு எட்டாம் மாசத்திலேயே வலி எடுத்துவிட்டது. பெண் டாக்டர் இருக்கிறாள் என்று கண்டோன்மென்ட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கொண்டுபோனார்கள். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆறாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது, அன்றைக்கே தாய் போய்விட்டாள். தந்தி கிடைத்து இவர் ரயிலில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளங்கையளவு இருந்த குழந்தையை டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆறு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டாள். ஆண்களுக்கு அந்த வார்டில் அனுமதி இல்லாததால் இவர் வராந்தாவில் நிற்பார். அவருடைய அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, டின் பால் கொடுக்கிறார்களாம், தேறிவிட்டான் என்று சொல்லுவாள்.

பையன் பிழைத்தான். கஸ்தூரிரங்கன் என்று பெயர். என் மகன் டென்சில் பிறந்தபோது ஆராவமுதன் என்னைக் கூப்பிட்டு, டின் பால் வாங்கும் ஓய், என் பையன் அதில்தான் எழுந்து நின்றான் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். ஆனால் ராஜலக்ஷ்மியை அந்த ஆஸ்பத்திரி கவனிக்காமல் கொன்றுவிட்டது என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. அவர் சந்தேகப்படாமல் நம்பின ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

1936 மார்ச்சில் அந்த ஆஸ்பத்திரி எங்கள் கைக்கு வந்தது. பிள்ளைப்பேறு வார்டின் தலைமை நர்ஸ் பிரிஜெட் முப்பத்தொரு வருஷ வேலை முடிந்து மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். அவள் வார்டு ரிஜிஸ்டர்களில் ஆட்சேபம் ஒன்றும் பாக்கி இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பென்ஷன். வழக்கமாகக் கடைசி மூன்று வருஷத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். ஆராவமுதன் 1920லிருந்து எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். ரிஜிஸ்டர்கள் மூன்று கைவண்டிகளில் வந்து இறங்கின. இத்தனை வருஷமும் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு மாசம்.

பிரிஜெட் குள்ளமான, தடித்த பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு தெரு தள்ளித்தான் வீடு. அந்த ஜனவரியில்தான் அவள் அண்ணன் மகள் மௌரீனுக்கு பாண்டு வாத்தியத்தோடு கல்யாணம் நடந்தது. ஒரு நர்ஸ் சம்பளத்தில் பாண்டு எப்படி வைத்தாள் என்று நானும் என் மனைவி டோரதியும் அன்றைக்கே பேசிக்கொண்டோம். யோக்கியன் மாதிரி எழுதுகிறேனே தவிர, சந்தேகத்தில் நானும் இளைத்தவன் இல்லை.

முதல் நாளே ஆராவமுதனுக்கு வேட்டை கிடைத்தது. சாப்பாட்டு ரிஜிஸ்டரில் நாலு மாசக் குழந்தை, எட்டு மாசக் குழந்தைக்கெல்லாம் நேராக 'முழுச் சாப்பாடு' என்று எழுதியிருந்தது. முழுச் சாப்பாடு என்றால் சோறு, பருப்பு, ரொட்டி, ஆட்டுக்கறி. பல் முளைக்காத பிள்ளைகள் பதினாறு வருஷமாகக் கறி தின்றிருக்கின்றன. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிரிஜெட்டைக் கூப்பிட்டு, இந்தக் கறியை எந்த வாயால் தின்றது என்று கேட்டார்.

"அம்மா வாயால சார்," என்றாள் அவள். "சீக்குப் புள்ளைக்கு மருந்தே தாய்ப்பால்தான். தாய் பட்டினி கெடந்தா பால் எங்கேருந்து வரும்? கூட இருக்கறவங்களுக்குச் சாப்பாடு கெடையாதுன்னு ரூல் இருக்கு. புள்ளைக்கு உண்டுன்னும் ரூல் இருக்கு. இது புள்ள சாப்ட்டதுதான். அம்மா வழியா சாப்ட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் டாக்டரின் எழுத்து மூல உத்தரவு இருக்கிறதா என்றார். அவள் பீரோவைத் திறந்து பழுத்துப்போன ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பழைய துரைசானி டாக்டர் 1919இல் போட்ட உத்தரவு, பால் குடிக்கும் குழந்தையின் சாப்பாட்டைத் தாய்க்குக் கொடுக்கலாம் என்று. ஆராவமுதன் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு 'ஆட்சேபம் கைவிடப்பட்டது' என்று எழுதினார்.

மூன்றாம் நாள் 1924 ஏப்ரல் பக்கத்துக்கு வந்தோம். பக்கத்தில் ஒரு படுக்கைக்கு ஒரு வரி, ஒரு தேதிக்கு ஒரு கட்டம். பதினொன்றாம் படுக்கையில் 'ராஜலக்ஷ்மியின் ஆண் குழந்தை' என்று எழுதியிருந்தது. அவர் அந்த வரியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். சொந்தக்காரர்களின் கணக்கை ஆடிட்டர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. பழி வாங்க வந்த இடத்திலும் அவர் அதை மீறவில்லை. அந்த வரியையும் ராஜலக்ஷ்மி கிடந்த படுக்கையின் வரியையும் நீரே பாரும் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் பார்த்தேன். தாய்க்கு மணிக்கு மணி மருந்து கொடுத்ததாகக் கட்டம் நிறையப் பொடியாக எழுதியிருந்தது. குழந்தைக்கு முதல் நாலு நாள் டின் பால், ஓரத்தில் 'வாந்தி' என்று குறிப்பு. அப்புறம் கட்டங்கள் காலி. அதிகமாக வாங்கினது ஒன்றுமில்லை என்பதால் டிக் போட்டு, ஆட்சேபம் இல்லை சார் என்றேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து ஸ்கேலைப் பதினொன்றாம் வரியின் மேல் வைத்துப் பன்னிரண்டாம் வரியைப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். பன்னிரண்டாம் படுக்கை, சந்தாபுரா அண்ணம்மாவின் குழந்தை, நாலு மாசம், பேதி. ஏப்ரல் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையில் 'இறப்பு'. பத்தாம் தேதிக் கட்டத்தில் 'முழுச் சாப்பாடு'. பதினொன்று, முழுச் சாப்பாடு. மே பதினேழு வரைக்கும் ஒரு நாள் தவறாமல் முழுச் சாப்பாடு. அவர் ரிஜிஸ்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். மை தினமும் வேறு வேறாக இருந்தது. செத்துப்போன குழந்தைக்கு முப்பத்தெட்டு நாள் அன்றன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பிரிஜெட் வந்தாள். பக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறினதை நாங்கள் இரண்டு பேரும் கண்டோம். யார் சாப்பிட்டது என்று அவர் கேட்டார். அன்றைக்கு மூன்று தடவை கேட்டார், மறுநாளும் கேட்டார். கடைசியில் அவள், இதை விட்டுடுங்க சார், என் பென்ஷனை வேணா நிறுத்திக்குங்க என்றாள். திருடன்கூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. மௌரீன் கல்யாணத்துப் பாண்டு சத்தம் காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஆராவமுதன் ஃபைலைக் கட்டினார். அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. செத்த குழந்தையின் பெயரைச் சொல்லித் தின்றிருக்கிறீர்கள், இந்த வார்டில்தான் என் மனைவி செத்தாள், அதே வாரம் நீங்கள் திருட்டுச் சாப்பாடு எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்றார். திங்கட்கிழமை ஃபைல் போலீஸுக்குப் போகும், கூட்டாளியான அந்த அண்ணம்மாவையும் சந்தாபுராவிலிருந்து பிடித்து வருவார்கள் என்றார்.

அண்ணம்மா என்றதும் பிரிஜெட் நிமிர்ந்தாள்.

"அவள எதுக்கு சார் இழுக்கறீங்க?" என்றாள். மேஜைக்கு வந்து, யாரும் தொடத் துணியாத அந்த ஸ்கேலை எடுத்துத் தள்ளி வைத்தாள். "சாப்ட்ட வரிய நாலு நாளாப் பாக்கறீங்க. சாப்டாத வரிய ஒரு வாட்டி பாருங்க."

அவர் விதியை மறந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஏப்ரல் பத்திலிருந்து மே பதினேழு வரைக்கும் பதினொன்றாம் வரி காலியாக இருந்தது. பிறந்து நாலு நாளான குழந்தை முப்பத்தெட்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் அதற்குத்தான் டிக் போட்டிருந்தேன். அதிகமாக வாங்கினதைத் தேடித் தேடிப் பழகின கண், ஒன்றுமே வாங்காமல் ஒரு பிள்ளை உயிரோடு இருந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும்தான்.

பிரிஜெட் உட்காராமலே சொன்னாள். டின் பால் எதுவும் குழந்தை வயிற்றில் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். பக்கத்துப் படுக்கையில் அண்ணம்மாவின் பிள்ளை ஒன்பதாம் தேதி காலை செத்துப்போயிருந்தது. அவள் பால் கட்டி, நெஞ்சு வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்தாள். பிரிஜெட் இந்தக் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அண்ணம்மா என்ன ஜாதி என்று ரிஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மல்லேஸ்வரத்தில் ஆராவமுதன் வீட்டுத் தெருவில்கூட அவளை நடக்க விட்டிருக்க மாட்டார்கள்.

"உங்க அக்கா படிச்சவங்க, தெனம் வந்து படுக்கையில தொங்கற கார்டைப் பாப்பாங்க. தெரிஞ்சா அன்னைக்கே புள்ளையத் தூக்கினு போயிருப்பாங்க, புள்ள செத்திருக்கும். டின் பால்னு பொய் எழுத எனக்குக் கை வரல. அதனால ஒண்ணும் எழுதல. மொத நாலு நாள் எழுதினதைப் பாத்து அவங்களா டின் பால்தான்னு நெனச்சுக்கிட்டாங்க."

"அப்போ இது பொய் இல்லையா?" என்று பன்னிரண்டாம் வரியில் விரலை வைத்தார் ஆராவமுதன்.

"அந்தப் பால் அந்தப் புள்ளையோடது சார். அவன் பேர்லதான எழுதணும்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவர் உருகிவிட்டார் என்று நினைத்தேன். அந்த மனுஷனைப் பதினோரு வருஷம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சனிக்கிழமை ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, அவள் சாமர்த்தியக்காரி, என் பிள்ளையைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறாள், ஒரு சாட்சி சொன்னது போதாது, ஞாயிற்றுக்கிழமை என்னோடு சந்தாபுராவுக்கு வாரும் என்றார். நான் மாதா கோவிலுக்குப் போக வேண்டும் என்றேன். அடுத்த வாரம் இரண்டு தடவை போம் என்றார்.

ஓசூர் ரோடு பஸ்ஸில் ஏறினோம். ஹெப்பகோடி தாண்டினதும் அவர் மெதுவாக, அண்ணம்மா பணம் கேட்டால் என்ன செய்வது, பையனுக்கு மே மாசம் பூணூல், அன்றைக்கு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் பயப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சந்தாபுராவில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் அண்ணம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாற்பது வயசு இருக்கும், அதற்குள் முடி நரைத்துவிட்டது. கோட்டும் தலைப்பாகையும் தோல் பையுமாக இரண்டு பேரைப் பார்த்ததும் அவள் குடிசை வாசலில் எழுந்து நின்றாள். கண்ணில் எங்களைவிட அதிகச் சந்தேகம். ஆராவமுதன் பழக்க தோஷத்தில், 1924 ஏப்ரலில் கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில் உன் குழந்தை இறந்த பிறகும் முப்பத்தெட்டு நாள் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"நாங்க ஒண்ணும் திருடல சாமி. நர்சம்மா குடுத்ததைத் தின்னேன். துட்டு கட்டணும்னா கொஞ்சம் கொஞ்சமாக் கட்டறேன்."

பன்னிரண்டு வருஷம் கழித்து, சோற்றுக்குக் காசு வசூல் பண்ண சர்க்கார் ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆராவமுதன், காசு வேண்டாம், பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கிறதா என்றார். அவள் யோசிக்கவே இல்லை. இடது காதுக்குப் பின்னால் எள் மாதிரி இரண்டு மச்சம் ஒட்டி இருக்கும், பால் குடிக்கும்போது ஒரு கையால் அவள் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுவான் என்றாள்.

ஆராவமுதன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயில் அவர் வழுக்கையில் அடித்தது. பிறகு அவள்தான் கேட்டாள்.

"அந்தப் புள்ள பொழைச்சிச்சா சாமி?"

இத்தனை வருஷத்தில் அதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு நாள் அந்த அக்கா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"இருக்கான்," என்றார் அவர். "என் பிள்ளைதான்."

"எம்மாம் ஒசரம்?"

அவர் தன் மார்புக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கிட்ட வந்து, கையைத் தொடாமல், அதற்கு மேலே தன் இரண்டு விரலைப் படுக்க வைத்துக் காட்டினாள்.

"எம்புள்ள இருந்தா இவ்ளோ இருப்பான். நாலு மாசம் மூத்தவன்."

அவர் அழுதார். நான் பார்க்காதது போல சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆனால் என் கண்ணும் நிற்கவில்லை. அவள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மே மாசத்தில் எந்த வாசலிலும் வந்து நிற்கவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆராவமுதன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: உம்ம டென்சிலுக்குப் போய் டின் பால் வாங்கச் சொன்னேனே ஓய் என்று.

திங்கட்கிழமை காலை அவர் ஃபைலைத் திறந்தார். தீர்ந்தது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் சார், பிரிஜெட்டுக்குப் பென்ஷன் கிடைத்துவிடும், இந்த ஃபைல் நாளைக்கு எத்தனை பேர் கைக்குப் போகுமோ, உங்கள் வீட்டு விஷயம் அதில் எதற்கு என்று நான் சொன்னேன். காரணம் எழுதாமல் ஆட்சேபத்தை மூடினவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்று கேட்டார். பிறகு, இந்தப் பக்கத்தில் டிக் போட்டது நீர், நீரும் கையெழுத்துப் போடும் என்று ஃபைலை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன்.

'ஆட்சேபம்: பன்னிரண்டாம் படுக்கைக் குழந்தை இறந்த பின் முப்பத்தெட்டு நாள் முழுச் சாப்பாடு. தீர்வு: அந்தச் சாப்பாட்டைப் பெற்றது பதினொன்றாம் படுக்கைக் குழந்தை. குழந்தை உயிரோடு இருக்கிறது. நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது.'